கடல் பக்கத்துக் கரை

மேஜர் லேண்டர் இன்னும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. திட்டத்தின் நான்காம் அத்தியாயம், கரைகளும் மதகுகளும், நான் எழுதியது. ராணுவத்துக்காரருக்கு நெல் வயலில் இவ்வளவு நேரம் என்ன வேலை? கூட்டம் ஆரம்பிக்கும்போது கமிட்டித் தலைவர் க்ராஃப்டன் துரை, இன்று நம்மோடு ஒரு விருந்தாளி என்று சொல்லி அவரைத் தன் வலப்பக்கம் உட்காரவைத்தார், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வயதிருக்கும். இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். எங்களைப் போல அவரும் பர்மாவிலிருந்து மலை வழியாக நடந்தே வந்தவராம். நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்கிறார், என்னைப் பார்த்துச் சிரித்தார்கூட. கூரைமேல் குரங்குகள் ஓடுகின்றன, தகரம் தடதடவென்று அதிர்கிறது, சிம்லாவுக்கு வந்து இத்தனை மாதமாகியும் அந்தச் சத்தம் கேட்டால் என் தோள் தானாகக் குறுகிக்கொள்கிறது, ரங்கூனில் முதல் குண்டு விழுந்த அன்று துறைமுகக் கிடங்கின் கூரை இப்படித்தான் அதிர்ந்தது. குரங்குதான். வெறும் குரங்கு. க்ராஃப்டன் இரண்டாம் அத்தியாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், திரும்பிப் போன முதல் வருஷத்தில் எவ்வளவு நிலம் உழமுடியும், எருமை எங்கிருந்து வரும், விதைநெல் எங்கிருந்து வரும். அவருக்கு இதில் உண்மையான ஆசை. நாடு கையை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, ஜப்பான்காரன் ரங்கூனில் உட்கார்ந்திருக்கிறான், பர்மா சர்க்கார் என்ற பேரோடு நாங்கள் இந்த மலைமேல் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து அடுத்த பத்து வருஷத்துக்கு விவசாயத் திட்டம் போடுகிறோம். முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு குளிர்காலம் முழுக்கக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த அத்தியாயத்தை எழுத எழுத, சிரிப்பு எங்கோ போய்விட்டது. எந்தக் கரை எங்கே வளைகிறது, எந்த மதகில் பலகை உளுத்திருக்கிறது, எங்கே களிமண், எங்கே மணல் என்று எழுதும்போது நான் அங்கேதான் இருந்தேன். குளிரில் விறைத்த காலுக்கடியில் வெதுவெதுவென்று சேறு. எதிரே உட்கார்ந்திருக்கும் ஊ சான் மியாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ. நிலவரி இலாகாவில் பெரிய உத்தியோகம், டெல்டாவிலேயே பிறந்து வளர்ந்த பர்மியர். என்னை 'ஸயா' என்றுதான் கூப்பிடுவார், வாத்தியாரைக் கூப்பிடுகிற மரியாதை வார்த்தை அது. அதே வாயால், பர்மா நிலம் இனி பர்மியர் கையில்தான் இருக்கவேண்டும், வெளியாள் யாருக்கும் ஒரு வயல்கூடக் கூடாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார். வெளியாள் என்றால் நாங்கள். இந்த மேஜையைச் சுற்றி, நான்.

"மிஸ்டர் தில்லைநாயகம்," என்கிறார் மேஜர். க்ராஃப்டன் பேச்சை நிறுத்திவிட்டார். "இந்த அத்தியாயத்தை நேத்து ராத்திரியே படிச்சேன். இப்பவும் படிச்சேன். டெல்டாவோட தண்ணியைப் பத்தி எங்ககிட்ட இருக்கிற எதுவும் இவ்வளவு தெளிவா இல்லை." நன்றி என்று சொல்கிறேன், என் குரலில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது, அந்தப் பெருமை தொண்டையிலேயே இருக்கும்போது அவர் அத்தியாயத்தோடு வைத்திருந்த நிலப்படத்தை என் பக்கம் திருப்பி ஒரு நீலப் பென்சிலை எடுக்கிறார். "இந்தக் கரை. கடல் பக்கம், இந்த வளைவுல. இது அறுந்தா என்ன ஆகும்?" அறுந்தால் என்கிறார். அறுத்தால் என்று சொல்லவில்லை. ஆனால் பென்சில் முனை எங்கே நிற்கிறது என்று பார்க்கிறேன். லெட்பான் சௌங். அந்த வளைவுக்கு உள்ளேதான் லெட்பான் சௌங், அந்த ஊரின் தெற்கு முனையில்தான் அக்காவின் வயல், அக்கா தையல்நாயகி, அவள் புருஷன் பக்கிரிசாமி அத்தான். உப்புத் தாங்குகிற நெல் ரகம் தேடி விவசாய இலாகா என்னை அந்தப் பக்கம் போட்டிருந்தபோது, மாயவரத்தில் சொந்தமாக ஒரு குழி நிலமில்லாமல் இருந்த அவர்களை நான்தான் கப்பலேறி வரச் சொன்னேன். வந்தார்கள். முதல் வருஷம் அத்தானுக்கு அந்த நிலமே புரியவில்லை, காவேரித் தண்ணீரில் பழகிய கை, கடல் பக்கத்தில் இருந்துகொண்டு கடலுக்கு முதுகைக் காட்டி உழவேண்டியிருக்கிறதே என்பார். கரைமேல் ஏறி நின்றால் இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் அலையாத்திப் புதர், பௌர்ணமியன்று கடல் ஏறி வரும்போது தண்ணீர் வயலைவிட உயரத்தில் நிற்கும், நம் தலைக்குமேல் கடல் நிற்கிற மாதிரி இருக்கும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இந்த மண்ணு சுவரை நம்பியாடா எங்களைக் கூட்டியாந்தே" என்று கேட்டாள். ஆமாம் அக்கா, இதை நம்பித்தான்.

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். எதற்குக் கேட்கிறார் என்று கேட்கலாமா? கேட்கவேண்டியதில்லை, தெரிகிறது, குண்டு போட்டு அறுக்கப் பார்க்கிறார்கள். டெல்டாவில் விளைகிற நெல்லைத்தான் ஜப்பான் படை தின்கிறது, நெல் இல்லை என்றால் படை இளைக்கும், படை இளைத்தால் சண்டை சீக்கிரம் முடியும். நியாயமான கணக்கு. என்னால் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அந்த நெல்லை அக்காவும் தின்கிறாள். தின்கிறாளா? கடைசியாக நான் பார்த்தபோது களத்தில் கதிர் மலையாகக் கிடந்தது, ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது, அத்தான் மாடு பிடித்துப் போரடித்துக்கொண்டிருந்தார். "அறுத்துப் போட்டதை விட்டுட்டு எப்படிடா வர்றது, நீ முன்னால போ, முடிச்சுட்டு வந்துடறோம்" என்றாள் அக்கா, கண்ணில் தூசி விழுந்து கசக்கிக்கொண்டே. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒருவேளை அவர்கள் கிளம்பி வழியில் எங்காவது, வேண்டாம், அந்த வழி எனக்குத் தெரியும், அந்த வழியில் நான் பார்த்ததையெல்லாம் இப்போது நினைக்கக் கூடாது. அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். வயலில் இருக்கிறார்கள். இது வைகாசி, இப்போது நாற்றங்காலுக்கு உழுதுகொண்டிருப்பார்கள். "நடவு முடிஞ்ச பிறகு அறுந்தா?" என்கிறார் மேஜர், நான் யோசிப்பதாக நினைத்துக்கொண்டு, உதவி செய்வதுபோல. நடவு முடிந்த பிறகு, ஆவணிப் பௌர்ணமிக்கு. அவருக்கு எந்தச் சமயம் என்றுகூடத் தெரிந்திருக்கிறது. என் அத்தியாயத்தில்தான் இருக்கிறது, கரைக்கு எந்த மாதம் ஆபத்து என்று நான்தான் எழுதியிருக்கிறேன், காப்பாற்றுவதற்காக எழுதினேன்.

ஆற்றுப் பக்கத்துக் கரை அறுந்தால் ஒரு போகம்தான் போகும், வண்டல் வந்து அடுத்த வருஷம் இன்னும் நன்றாகக்கூட விளையும். கடல் பக்கம் அப்படியில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கரை புயலில் அறுந்ததை நான் பார்த்திருக்கிறேன், தண்ணீர் வடிந்ததும் மண் வெள்ளை பூத்துக் கிடந்தது, மழை அடித்து அடித்து உப்பைக் கழுவ ஆறு வருஷம் ஆயிற்று. ஆறு வருஷம். இதைச் சொல்லலாமா? சொன்னால் க்ராஃப்டன் பதறுவார், அவருடைய இரண்டாம் அத்தியாயம் முழுக்க அந்தத் தாலுகாவின் விதைநெல்லை நம்பித்தான் நிற்கிறது, அவர் விடமாட்டார். சொன்னால் மேஜர் சந்தோஷப்படுவார். அதே ஆறு வருஷம் ஒருவரைத் தடுக்கும், மற்றவரைத் தூண்டும், எது எடை கூட? சொல்லாமல் விட்டால்? ஒரு போகம்தான் என்று பொய் சொன்னால்? ஒரு போகம் போனால் போதும் என்றுதானே அவர் வந்திருக்கிறார், உடனே குறித்துக்கொள்வார். ஆறு என்றாலும் போச்சு, ஒன்று என்றாலும் போச்சு. இல்லை, க்ராஃப்டன் இருக்கிறார், இந்தத் திட்டம் அவர் பிள்ளை மாதிரி, அவரை நம்பு. "ஆறு வருஷம், சார்," என்கிறேன், மேஜரைப் பார்க்காமல் க்ராஃப்டனைப் பார்த்து. "உப்பு ஏறினா ஆறு வருஷத்துக்கு அங்கே நெல்லே விளையாது. நாம திரும்பிப் போனாலும் விளையாது." க்ராஃப்டன் கண்ணாடியைக் கழற்றினார். "மேஜர், அப்படின்னா என் முதல் வருஷக் கணக்கே நிக்காது," என்றார். மேஜர் தலையை ஆட்டினார், மரியாதையாக, வருத்தமாகக்கூட. "புரியுது, சார். ஆனா திரும்பிப் போனாத்தானே முதல் வருஷம்." சொல்லிவிட்டுப் பென்சிலால் அந்த வளைவில் ஒரு சின்ன வட்டம் போட்டார். க்ராஃப்டன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான். பத்து வருஷத்துத் திட்டம் ஒரு கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.

வட்டத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. படத்தில் அது வெறும் கோடு. கடல் ராத்திரியில் வருமா, பகலில் வருமா? பகலில் என்றால் வயலில் நிற்பாள், நடவு முடிந்து களை எடுக்கிற நேரம், குனிந்திருப்பாள், முதலில் காலில் தண்ணீர் உயர்வதை மழைத்தண்ணீர் என்று நினைப்பாள், பிறகு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள், அவள் எதையும் நாக்கில் வைத்துத்தான் நம்புவாள். ஏதாவது சொல். இப்போது சொல். "ஆனா சார், அந்தக் கரை இப்ப அங்கே இல்லை." யார் சொன்னது? நான்தான். மேஜர் நிமிர்ந்தார். "இல்லையா? நீங்க எழுதியிருக்கீங்களே, நல்ல நிலைமையில இருக்குன்னு." எழுதியிருக்கிறேன். கரையின் உயரம், மேலே நடக்கிற அகலம், எல்லாம் எழுதியிருக்கிறேன். வாய் தானாகப் பேசுகிறது, கீழே எங்கோ நின்று நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "கிளம்பறதுக்கு முந்தின மழையில அறுந்துபோச்சு. மராமத்துக்கு உத்தரவு ஆகியிருந்தது, சண்டை வந்ததால நடக்கலை. இது வருங்காலத் திட்டம்தானே, அதனால கரை எப்படி இருக்கணுமோ அப்படி எழுதிட்டேன், சார். இருக்கிற மாதிரி எழுதலை." மேஜர் படத்தை மறுபடி பார்த்தார். "அப்ப அங்கே நெல்?" "நெல் இல்லை. கோரைதான். ஊரே காலி." ஊரே காலி. சொல்லும்போது நாக்கு கூசியது, இல்லாததைச் சொல்கிறோம் என்பதற்காக இல்லை, சொன்னதால் அப்படியே ஆகிவிடுமோ என்று. க்ராஃப்டன் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. கண்ணாடியில்லாத கண், சிவந்த கண். "இந்த அத்தியாயத்தில் இன்னும் எதையெல்லாம் இப்படி எழுதினீங்க?" என்கிறார், மெதுவாக. மெய்யாக ஒன்றையும் இப்படி எழுதவில்லை, ஒவ்வொரு வரியும் நான் நடந்து பார்த்து எழுதியது, அந்த அத்தியாயத்தைப் போல ஒன்றை இனி என்னால் எழுதமுடியாது. "நிறைய இடத்தில் ஞாபகத்தை வச்சுத்தான் எழுதினேன், சார்," என்கிறேன்.

மேஜர் முட்டாள் இல்லை. பென்சிலைக் கீழே வைக்காமல் மேஜையின் அந்தப் பக்கம் திரும்பினார். "ஊ சான் மியா, நீங்க அந்தப் பக்கத்துக்காரர்னு சொன்னாங்க. இந்தக் கரையைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?" தெரியும். அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? லெட்பான் சௌங்குக்கு அடுத்த ஊர் அவருடையது. கரை உடையவில்லை என்று அவருக்குத் தெரியும், கடைசி வருஷம் அந்தப் பக்கமெல்லாம் வரி வசூலானதும் தெரியும். கூரைமேல் குரங்குகள் போய்விட்டன போலிருக்கிறது, தூரத்தில் ரிக்‌ஷாக்காரர்கள் ஏற்றத்தில் மூச்சுவிட்டுக் கத்துவது கேட்கிறது. ஊ சான் மியா என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கிறார். இந்த மனிதருக்கு என்மேல் என்ன அக்கறை? எத்தனை கூட்டத்தில் அவர் சொன்னதை நான் மறுத்திருக்கிறேன், போன மாதம் முகம் சிவக்கப் பேசிக்கொண்டோம், எங்கள் ஜனங்கள் இல்லாவிட்டால் உங்கள் டெல்டா இன்னும் காடாகத்தான் இருக்கும் என்றுகூடச் சொன்னேன். ஒரு வார்த்தையில் என்னைக் கீழே தள்ளலாம். தமிழன் பொய் சொல்கிறான், அவ்வளவு போதும். அவர் தன் பட்டுத் தலைக்கட்டை ஒரு விரலால் சரிசெய்துகொண்டார். "ஸயா சொல்றது சரிதான்," என்றார். "மழையில அறுந்தது. அன்னைக்கு நானே போய்ப் பார்த்தேன்." நானே போய்ப் பார்த்தேன் என்றுகூடச் சொல்லிவிட்டார். மேஜர் இருவரையும் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்தார், நீலம் முழுதாகப் போகவில்லை, காகிதம் அழுக்காயிற்று. "இந்த அத்தியாயம் எனக்குப் பிரயோஜனப்படும்னு நினைச்சேன்," என்று க்ராஃப்டனிடம் சொல்லி அதை அவர் பக்கமாக நகர்த்தினார். க்ராஃப்டன் அதைத் தொடவில்லை. நான்காம் அத்தியாயத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம், மராமத்து இலாகாவில் வேறு யாரையாவது புதிதாக எழுதச் சொல்லலாம் என்றார், மிஸ்டர் தில்லைநாயகம் இனிமேல் இந்தக் கமிட்டிக்கு நேரம் செலவழிக்க வேண்டியதில்லை, நாளைக் கூட்டத்தோடு சரி. என் பெயரைச் சொல்லும்போதுகூட என்னைப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆசையோடு என்னை நம்பியவர்.

வெளியே வெயில் இவ்வளவு இருந்ததா? தேவதாரு வாசனை, குதிரைச் சாணி வாசனை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது, ஊ சான் மியா வந்து என்னோடு சேர்ந்து நடந்தார். சரிவில் இறங்குகிறோம். என்ன சொல்வது, நன்றி என்றா? அது சின்ன வார்த்தை, அவருக்கும் பிடிக்காது. "நான் பையனா இருந்தப்போ எங்க ஊர்க்காரங்க எல்லாரும் மண்ணு சுமந்து போட்ட கரை அது," என்றார் அவரே. "உங்களுக்காகச் சொல்லலை, ஸயா." தெரியும் என்றேன். "மேல பறந்து படம் எடுத்தாங்கன்னா தெரிஞ்சுடும்," என்றார். "மழை முடியற வரைக்கும் மேகம்தான் தெரியும்." "முடிஞ்ச பிறகு?" மழை முடிந்தால் கதிர் வந்துவிடும், அறுவடை ஆகிவிடும், ஒரு போகம் தப்பிக்கும், அதற்குள் சண்டை, அதற்குள் என்ன, அதற்குள் ஒன்றும் ஆகாது, அடுத்த வருஷம் அதே மேஜர், அதே பென்சில். ஒரு மழைக்காலம் வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான், அதுவும் நிச்சயமில்லை. "நாளைக்கு ஏழாம் அத்தியாயம்," என்றார் அவர். அவர் எழுதியது, நிலம் யாருக்கு என்பது. "வெளியாள் வச்சிருக்கிற நிலத்தையெல்லாம் சர்க்கார் எடுத்து ஊர்க்காரங்களுக்குக் கொடுக்கணும்னுதான் எழுதியிருக்கேன். இன்னைக்கு நடந்ததால மாத்திடுவேன்னு நினைச்சுடாதீங்க." நினைக்கவில்லை என்றேன். ஒருவேளை நினைத்தேனோ? அரை நிமிஷம் நினைத்திருப்பேன், அவர் செருப்புச் சத்தம் கேட்டபோது. "லெட்பான் சௌங்கில் என் அக்கா நிலம் இருக்கு," என்றேன். இதுவரை இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. அவர் நின்றுவிட்டார். "அங்கேயா இருக்காங்க? இன்னமும்?" "நான் வந்தப்போ இருந்தாங்க." அவர் சரிவைப் பார்த்துக்கொண்டே நின்றார். சுமைக்காரன் ஒருவன் முதுகில் பெரிய பெட்டியோடு ஏறி வந்தான், அவனுக்கு இருவரும் வழிவிட்டோம். "அவ நிலத்தையும் எடுப்பீங்களா?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன், கோபம் வரவில்லை. "எடுக்கணும், ஸயா," என்றார். "சும்மா எடுத்துட மாட்டோம். ஊர்ல உட்கார்ந்து, பேரைக் கூப்பிட்டு, ஆளை நேர்ல விசாரிச்சுத்தான் எடுப்போம். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

பேரைக் கூப்பிட்டு. அவர் போய்விட்டார், வலப்பக்கப் படிகளில் இறங்கி, தலைக்கட்டின் இளஞ்சிவப்பு நிறம் மரங்களுக்குள் மறைகிறது. நாளைக்கு நான் எதிர்த்துப் பேசவேண்டும், கடைசிக் கூட்டம், கேட்பாரில்லை, இருந்தாலும் பேசுவேன், என்ன சொல்வது என்று ராத்திரி யோசிக்கவேண்டும். ஆனால் மனசு அங்கே நிற்க மாட்டேன் என்கிறது. லெட்பான் சௌங்கில் ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். சண்டை முடிந்துவிட்டது. பர்மியக் குமாஸ்தா ஒருவன் வாயில் நுழையாத பெயரை உடைத்து உடைத்துக் கூப்பிடுகிறான், தை யல் நா யகி, ஒரு தடவை, யாரும் வரவில்லை, இன்னொரு தடவை. கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ இடித்துக்கொண்டு வருகிறார்கள். முழங்கால் வரை சேறு, புடவையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள், இளைத்திருக்கிறாள், மேஜைக்கு முன்னால் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். எவன்டா என் நிலத்தை எடுக்கறது என்று கேட்கிறாள், தமிழில், யாருக்கும் புரியாது என்று தெரிந்தும் தமிழிலேயே கேட்கிறாள். எடுக்கட்டும். முழுக்க எடுத்துக்கொள்ளட்டும். இன்னொரு தடவை கூப்பிடட்டும், ஊ சான் மியா, உரக்கக் கூப்பிடச் சொல்லுங்கள், அவளுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம்.